நான்கு தூணும் ஒரு பூட்டிய அறையும்

அக்கா, அந்தத் தூண் படத்தை அம்மா எல்லா மாமாக்களுக்கும் அனுப்பிவிட்டாள். பெரிய மாமா, "பையன் அமெரிக்காவில் பங்களாவில் இருக்கிறானாமே" என்று எழுதியிருந்தார். நீயும் விசாரித்திருக்கிறாய். உனக்கு மட்டும் சொல்கிறேன். அது பங்களா இல்லை. பிணத்தைக் குளிப்பாட்டி, பொட்டலம் கட்டி, மாலை போட்டு அனுப்பிய இடம். லெட்பெட்டர் என்ற குடும்பம் இந்த ஊர்ச் சாவுகளை முப்பது வருடம் இங்கிருந்துதான் நடத்தியது. அவர்கள் நெடுஞ்சாலைப் பக்கம் பெரிதாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு ஒரு வருடம் யாரும் இதைச் சீந்தவில்லை. எங்கள் பையன்கள் சீந்தினார்கள். காரணம், வாசலில் நான்கு வெள்ளைத் தூண்.

இந்தப் பையன்களைப் பற்றி உனக்கு நான் பெருமையாகத்தான் சொல்லியிருந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எங்கள் மாணவர் சங்கத்துக்கு மூன்று கிரேக்க எழுத்துதான் பெயர். தலைமையகம் வேறு மாநிலத்தில் நூற்றைம்பது வருடமாக இருக்கிறது. எங்கள் கிளைக்கு வயது இரண்டு. எங்கள் பல்கலைக்கழகத்துக்கே என்னைவிடப் பத்து வயதுதான் கூட. வளாகத்து மரங்களுக்கு இன்னும் முட்டுக் கம்பு எடுக்கவில்லை. ஆனால் கிளைத் தலைவன் வெஸ்டன் வாயைத் திறந்தால் "நம்ம பாரம்பரியம்" என்பான். அவன் அப்பா பக்கத்து மாவட்டத்தில் நீச்சல் குளம் தோண்டி விற்கிறவர். பையன் காலுறை போடாமல் தோல் காலணி போட்டுக்கொண்டு, மூன்று தலைமுறையாக நிலம் ஆண்டவன் போல நடப்பான்.

என்னை ஏன் சேர்த்தார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். கிளைக்குச் சாசனம் கிடைக்க முப்பத்தைந்து பேர் வேண்டும், மொத்த மதிப்பெண் சராசரியும் ஒரு அளவுக்கு மேல் இருக்க வேண்டும். முப்பத்து நான்கு பேரின் மதிப்பெண்ணையும் கூட்டி வகுத்தால் பரிதாபமாக இருந்தது. நூலகத்தில் தனியாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த என்னிடம் வந்து, "நீ எங்க பிரதர் மாதிரியே இருக்கே" என்றார்கள். சங்கத்தில் சேர்ந்தவனுக்கெல்லாம் பிரதர் என்றுதான் பெயர். வந்து ஆறு மாதமாக யாரும் என்னிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. நான் போய்விட்டேன். குணாளன் என்ற பெயரைக் 'கன்னர்' ஆக்கினார்கள். துப்பாக்கி சுடுகிறவன். இந்த ஊரில் அது நல்ல பெயர்.

அவர்களுக்கு இருந்த ஒரே துக்கம், வீடு இல்லை என்பது. பழைய பல்கலைக்கழகங்களில் இதே சங்கத்துக்குச் செங்கல் மாளிகைகள் இருக்கின்றன. எங்களுக்கு நூற்றுப் பதினான்காம் எண் வகுப்பறை. அதையும் ஒன்பது மணிக்குக் காவலாளி வந்து பூட்டிவிடுவார். இந்த ஊர்ச் சட்டப்படி உறவில்லாத மூன்று பேருக்கு மேல் ஒரே வீட்டில் குடியிருக்கவும் முடியாது. லெட்பெட்டர் இடம் கடைத்தெருவில் இருப்பதால் அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. வெஸ்டன் அதைக் கண்டுபிடித்த நாளில் புதுக் கண்டம் கண்டவன் போல வந்தான்.

"தூணப் பாருங்கடா. என்ன கம்பீரம்! அசையாம நிக்குது."

"உள்ள இருந்தவங்களும் அசையாமத்தான் கெடந்தாங்க" என்றான் ஆர்ட்டிஸ்.

ஆர்ட்டிஸ்தான் அந்தக் கூட்டத்தில் எனக்குக் கொஞ்சம் சிநேகம். அவனும் மதிப்பெண்ணுக்காகச் சேர்க்கப்பட்டவன்தான், ஆனால் பிறகு படிப்பதை விட்டுவிட்டான்.

வீட்டில் பதினொரு பேர் தங்குவது என்று முடிவானது. சங்கத்தில் பாத்திரம் கழுவத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் என்னை வீட்டு மேலாளர் ஆக்கினார்கள். அதற்குக் கூலியாக மாடியில் ஒரு தனி அறை, இரண்டு ஜன்னல். லெட்பெட்டர் கணக்கெழுதிய அறை அது. அதை நம்பித்தான் அக்கா, ஜூலையில் விடுதி அறையை எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்காது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தேன். இருநூற்றுப் பதினான்காவது ஆள் என்று பதில் வந்தது. எங்கே தங்கியிருக்கிறேன் என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் பத்து நாளைக்குள் தெரிவிக்க வேண்டும். விலாசம் இல்லாதவன் எந்த விலாசத்தைத் தெரிவிப்பான்? ஆகஸ்டு முழுக்க அதே நினைப்பு.

கட்டடத்தின் உபயோகம் மாறுகிறது என்றால் தீயணைப்புத் துறை வந்து பார்த்துக் குடியேறும் அனுமதி தர வேண்டும். அது வரும்வரை யாரும் அங்கே படுக்கக் கூடாது. நாங்கள் பதினொரு பேரும் யார் யார் வீட்டிலோ ஆளுக்கொரு சோபாவில் கிடந்தோம். லெட்பெட்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சீட்டு வாங்குங்க தம்பிகளா. இல்லன்னா திங்கக்கிழமை சர்ச்காரங்களுக்குக் குடுத்துடுவேன். அவங்க கிட்டார் வாசிப்பாங்க, ஆனா சொன்ன தேதிக்கு வந்துடுவாங்க."

சிக்கல் நிலவறையில் இருந்தது.

நிலவறையில் பாதி வெறும் கூடம். மீதிப் பாதி, பிணங்களைத் தயார் செய்த அறை. சுவரெல்லாம் வெள்ளை ஓடு. தரை நடுவை நோக்கிச் சரிந்து ஒரு வடிகால் துளையில் முடியும். எந்த மனிதனும் அதைப் பார்த்தால் கதவைச் சாத்திவிட்டு மேலே வந்துவிடுவான். க்ளேட்டன் அதைப் பார்த்துக் கண் கலங்கினான். க்ளேட்டன் எங்கள் சடங்குப் பொறுப்பாளன். சங்கத்தின் ரகசியங்களெல்லாம் ஒரு வளையக் கோப்பில் இருக்கும். அது அவனிடம் இருக்கும். அவன் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குவான்.

"இதுதான்டா நம்ம அறை" என்றான். "இத்தன நாள் நமக்காகக் காத்துக்கிட்டு இருந்துருக்கு."

சடங்கு அறையை உறுப்பினர் அல்லாத யாரும் பார்க்கக் கூடாது என்பது விதி. உள்ளே வரும் கதவுக்குக் க்ளேட்டன் ஒரு பூட்டு வாங்கிப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். பின்பக்கம் நிலம் சரிவாக இறங்குவதால், அறையின் அந்தப் பக்கம் வெளிக் கதவு ஒன்று உண்டு. சவ வண்டி பின்புறமாக வந்து அங்கேதான் நிற்கும். அதில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அது வழியாக யாராவது எட்டிப் பார்த்துவிட்டால்? கதவு முழுக்க மறையும்படி வெளியிலிருந்து ஒட்டுப் பலகை வைத்து அடிக்கச் சொன்னான். அடித்தது நான்தான். பன்னிரண்டு ஆணி. வியர்வை வழிய அடித்துக்கொண்டிருந்தபோது, தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலாளர்.

செவ்வாய்க்கிழமை பாக்வெல் அம்மா வந்தார். தீயணைப்புத் துறை ஆய்வாளர். ஐம்பது வயதிருக்கும், ஆண்பிள்ளை போல வெட்டிய நரைமுடி, இடுப்பில் டார்ச், வாயில் புதினா மிட்டாய். மேல் அறைகளையெல்லாம் பார்த்தார். படுக்கைகளை எண்ணினார். என் அறை ஜன்னலைத் தூக்கிப் பார்த்து, "இது நல்லா இருக்கு" என்றார். எனக்கு உயிர் வந்தது. கீழே போனோம். பூட்டிய கதவின்முன் க்ளேட்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இது என்ன கதவு?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு பெரிய பூட்டு?"

"உறுப்பினர் இல்லாதவங்க உள்ள பாக்கக் கூடாது மேடம். எங்க அப்பாவே பாத்ததில்ல."

"உங்க அப்பாவா கண்ணு இந்த வீட்டுக்குக் கையெழுத்துப் போடப்போறாரு?"

க்ளேட்டன் வெஸ்டனைப் பார்த்தான். வெஸ்டன் தன் நல்ல பல் வரிசையைக் காட்டினான். "மேடம், இது நூத்தைம்பது வருஷப் பாரம்பரியம். நீங்க புரிஞ்சிக்கணும்."

"நீங்க உள்ள என்ன வேணா பண்ணிக்குங்கப்பா. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கல்யாணம் பண்ணி வைங்க, எனக்கென்ன. எனக்கு வேண்டியது ரெண்டாவது வழி. கீழ எத்தன பேரு கூடுவீங்க?"

"முப்பத்தாறு பேரு" என்றேன் நான்.

"ஏறி வர படி ஒண்ணே ஒண்ணு. அது பத்திக்கிச்சுன்னா முப்பத்தாறு பேரும் எது வழியா வெளிய போவீங்க?"

க்ளேட்டன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். பிறகு, "அத வெளிய சொல்லக் கூடாது மேடம்" என்றான்.

பாக்வெல் அம்மா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "வெள்ளிக்கிழம பத்து மணிக்கு வரேன். கதவு தெறந்திருந்தா பாப்பேன். தெறக்கலன்னா அதையே எழுதிட்டுப் போயிடுவேன்."

அன்று மாலை, பிணங்களைப் பார்வைக்கு வைத்த பழைய அஞ்சலி மண்டபத்தில் கூட்டம். தரைவிரிப்பில் இன்னும் அல்லிப்பூ வாசனை போகவில்லை. நடுவில் பொரித்த கோழி இறக்கைப் பெட்டிகள். நான் எழுந்து சொன்னேன்: சடங்குச் சாமான் மேல் ஒரு படுக்கைவிரிப்பைப் போட்டு மூடுவோம், நான் பலகையைக் கழற்றிவிடுகிறேன், அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். க்ளேட்டன் எழுந்தான்.

"சாமான் மட்டும் இல்ல, அந்த அறையே புனிதம். வெளியாளுக்குக் காட்டணும்னா பெட்டியக் கேக்கணும்."

பெட்டி என்பது ஒரு மரப்பெட்டி. அதில் வெள்ளைக் குண்டும் கறுப்புக் குண்டும் கோலி அளவில் இருக்கும், கறுப்பு மட்டும் தொட்டால் சொரசொரக்கும். முக்கியமான விஷயங்களுக்கெல்லாம் பெட்டி ஒவ்வொருவரிடமும் வரும். கையை உள்ளே விட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு குண்டைப் பெட்டியின் மறு தடுப்பில் போட வேண்டும். சம்மதம் என்றால் வெள்ளை, மறுப்பு என்றால் கறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் விஷயம் தோற்றது. தோற்ற விஷயத்தை அந்தக் கல்வி ஆண்டு முடியும்வரை மறுபடி பெட்டிக்குக் கொண்டுவர முடியாது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் யாரோ பத்துப் பேர் உட்கார்ந்து யோசித்த விதி. அவர்களுக்கும் வேலையில்லை.

பெட்டி சுற்றி வந்தது. முப்பத்தைந்து வெள்ளை, ஒரு கறுப்பு.

"நான்தான்" என்றான் க்ளேட்டன், யாரும் கேட்காமலே. ரகசிய வாக்கின் காவலனே அவன்தான்.

"லூசாடா நீ? வீடு போயிடும்டா" என்றான் ஆர்ட்டிஸ்.

"வீடு போனா இன்னொரு வீடு. சத்தியம் போனா?"

அவன் அப்பாவுக்கு ஏரிக்கரையில் இரண்டு வீடு. இந்த வசனம் அவனுக்கு வரும்.

வெஸ்டன் கையைத் தட்டினான். "சரி. பெட்டி சொல்லிடுச்சு. வேற வழி பாப்போம்." வேறு வழியும் அவனிடமே இருந்தது. அந்த அறை நிரந்தரமாக மூடப்பட்டது, யாரும் அதற்குள் போவதில்லை, நிலவறையில் கூட்டமே நடக்காது என்று ஒரு காகிதம் எழுதி ஆய்வாளரிடம் கொடுத்துவிட வேண்டியது. யார் கையெழுத்துப் போடுவது? எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியது.

"நீதானே மேலாளர்" என்றான் வெஸ்டன்.

"அது பொய்யில்ல?"

"பொய்யின்னு எதுக்கு நெனைக்கிற? நமக்குள்ள இருக்கற விஷயம் நமக்குள்ள. ஊருக்கு ஒரு வார்த்த."

"தலைவர்னு நீ போடலாமே?"

"எங்க அப்பாவோட வக்கீல் எதுலயும் கையெழுத்துப் போடாதன்னு சொல்லிருக்காருடா, கன்னர்."

எனக்கு வக்கீல் கிடையாது. விசா இருக்கிறது. அரசாங்கத்திடம் பொய்க் கையெழுத்துப் போட்டவன் கதை என்ன ஆகும் என்று எனக்கு அந்த மண்டபத்திலேயே தெரிந்தது. வெளியே வரும்போது ஆர்ட்டிஸ் என் தோளில் இடித்து, "போடாதடா" என்று காதில் சொன்னான். காதில்தான். மண்டபத்தில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வெஸ்டன் காகிதத்தோடு வந்தான். "உனக்குக் கஷ்டம்னா சொல்லு, மேலாளரா வேற ஆளப் போட்டுக்கறேன். அந்த மாடி ரூமும் அவனுக்குப் போயிடும், அது மொறைதானே" என்றான், தோளில் கைபோட்டு. போட்டுவிட்டேன் அக்கா. திட்டு. என் கை அது பாட்டுக்குப் போட்டது. இருநூற்றுப் பதினான்கு என்ற எண் மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்தார். வெஸ்டன் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினான். பாக்வெல் அம்மா கண்ணாடி போட்டுப் படித்தார். கடைசியில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது நீதானே?"

"ஆமா மேடம்."

"செவ்வாக்கெழம முப்பத்தாறு பேருன்னு சொன்னதும் நீதானே?"

வெஸ்டன் ஏதோ சொல்ல வந்தான். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எங்க அம்மாவ அந்த ரூமுக்குள்ள பின்கதவு வழியாத்தான் கொண்டுபோனாங்க. எங்க மாமாவையும். லெட்பெட்டர் என்னக் கூட்டிட்டுப் போயி, எந்தத் துணி போடணும்னு அங்க வச்சுத்தான் கேட்டாரு. நீங்க பூட்டி வச்சிருக்கற ரகசியம் இந்த ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும், கண்ணுங்களா." காகிதத்தை என் கையில் திரும்ப வைத்தார். "இது இன்னும் என் ஃபைலுக்குள்ள போகல. நான் வண்டில போயி அளக்கற டேப்பு எடுத்துட்டு வரேன். வந்தப்புறம் குடுக்கறியா வேண்டாமான்னு யோசி."

அவர் வெளியே போனார். அந்த இரண்டு நிமிடத்தில் வெஸ்டனும் க்ளேட்டனும் பேசியதெல்லாம் நினைவில்லை. வெஸ்டன் என் முழங்கையைப் பிடித்து, "குடுத்துடு, அவ பயமுறுத்தறா, அவ்வளவுதான்" என்றது மட்டும் நினைவிருக்கிறது. நான் காகிதத்தை நாலாக மடித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இழுப்பறையில் ஆணி பிடுங்கும் சுத்தியல் இருந்தது. எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன், வெஸ்டனும் பின்னாலேயே வந்தான். பாக்வெல் அம்மா டேப்போடு அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அடிச்சது?"

"நான்தான் மேடம்."

"நல்லா அடிச்சிருக்க. பிடுங்கு."

பன்னிரண்டு ஆணியையும் பிடுங்கினேன். வெளிக் கதவுகளின் சாவி மேலாளரான என்னிடம்தான் இருந்தது. திறந்தேன். க்ளேட்டன் உள்பக்கம் பூட்டைத் திறந்து ஓடிவந்து கையை விரித்து நின்றான். அவன் எதை மறைக்கிறான் என்று அவருக்குப் புரியவில்லை. விரித்த கைக்குக் கீழே எல்லாம் தெரிந்தது.

சொல்கிறேன் கேள். ஊதா மேசைவிரிப்பு ஒன்று, ஓரத்தில் துவைக்கும் முறை அச்சடித்த துணிச் சீட்டோடு. ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு, பேய்த் திருவிழாவுக்குக் கடையில் விற்பது. ஆறு மெழுகுவர்த்தி, ஆறும் பேட்டரி போட்டவை. ஒரு வளையக் கோப்பு. இதுதான். நூற்றைம்பது வருடம், முப்பத்தாறு பேரின் சத்தியம், அப்பாவுக்கும் காட்டாத அறை. பதினொரு பேர் நடுத்தெருவில் நிற்க இருந்தது இதற்காகத்தான்.

பாக்வெல் அம்மா ஒரு மெழுகுவர்த்தியைத் திருப்பிப் பார்த்து, "பேட்டரியா. நல்ல வேள" என்று வைத்தார். கதவின் அகலத்தை அளந்தார். இரண்டு தடவை திறந்து மூடினார். மண்டையோட்டின் பக்கம் அவர் கண் போகவேயில்லை. க்ளேட்டன் அதன்மேல் சட்டையைக் கழற்றிப் போட்டு மூடி, வெறும் மேலோடு நின்றான்.

"கதவு போதும். மேல 'வெளியேறும் வழி' பலகை ஒண்ணு, வெளிச்சத்தோட மாட்டிடுங்க. பலகை அடிக்கற வேலையெல்லாம் இனிமே வேண்டாம்." அனுமதிச் சீட்டைப் புத்தகத்திலிருந்து கிழித்து என்னிடம் கொடுத்தார். "சட்டையப் போட்டுக்க கண்ணு, சளி பிடிச்சுக்கும்" என்று க்ளேட்டனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே எல்லோரும் குடியேறினார்கள். தூணுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் அம்மாவிடம் இருப்பது. என்னையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். மேலாளர் இல்லாமல் நன்றாயிருக்காதாம். ஞாயிற்றுக்கிழமை என்மேல் விசாரணை வைத்தார்கள்.

குற்றம், ரகசிய அறையை வெளியாளுக்குக் காட்டியது. தண்டனை, சங்கத்திலிருந்து நீக்கம். நீக்கினால் வீட்டையும் விட்டுப் போக வேண்டும். அஞ்சலி மண்டபத்தில் மரியாதை செலுத்த வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். வெஸ்டன் எழுந்தான்.

"கன்னர், உன்மேல தனியா எந்தக் கோவமும் இல்ல. நீ இல்லன்னா இந்த வீடே இல்ல, அது எங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா சத்தியம்னு ஒண்ணு இருக்கில்ல. ஒரு நல்ல பிரதரா நீயே இதப் புரிஞ்சிக்குவ."

"புரியுது" என்றேன்.

"ஒரு வாரம் டைம் தரோம். வெளிய போறதுக்கு முன்னாடி அந்த வெளிச்சப் பலகைய மட்டும் மாட்டிடு. எங்க யாருக்கும் அந்த ஒயர் வேல தெரியாது."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை அக்கா. உன்னிடம் உப்பு கேட்பதுபோலக் கேட்டான்.

க்ளேட்டன் பெட்டியைக் கொண்டுவந்தான். நீக்கச் சம்மதம் என்றால் வெள்ளை, மறுப்பு என்றால் கறுப்பு. பெட்டி சுற்றி வந்தது. முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை. ஒவ்வொருவனும் கையை விட்டு எடுக்கும்போது என்னைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டான். ஆர்ட்டிஸ் கையை விடும்போது மட்டும் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டான். முடிந்தது என்று வெஸ்டன் கையை நீட்டினான். க்ளேட்டன் பெட்டியை அவனிடம் தரவில்லை.

"கன்னர் இன்னும் போடல."

"அவன் எதுக்குப் போடணும்? அவனத்தானே நீக்கறோம்?"

"முடிவு வாசிக்கற வரைக்கும் அவன் பிரதர்தான். ஒவ்வொரு பிரதர்கிட்டயும் பெட்டி போகணும். கோப்புல நாலாம் பக்கம்."

"டேய், யோசிச்சுச் சொல்லு."

"நாலாம் பக்கம்" என்றான் க்ளேட்டன் மறுபடி. வெஸ்டனுக்கு எதிராக விதியைச் சொல்லக் கிடைத்ததில் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

வெஸ்டன் தோளைக் குலுக்கினான். "சரி. கன்னர் நல்ல பிரதர். பெரிய மனுஷனாத்தான் நடந்துக்குவான்."

பெட்டி என் மடியில் வந்து உட்கார்ந்தது. கையை உள்ளே விட்டேன். பெரிய மனுஷன் வெள்ளையை எடுப்பான். எடுத்து, எழுந்து, முப்பத்தைந்து முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்க வீட்ட நீங்களே வச்சுக்குங்கடா" என்று பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டுப் போவான். அந்த வாக்கியம் எனக்கு நுனிநாக்கில் இருந்தது. அதற்கப்புறம் எங்கே போவான்? பெட்டியும் படுக்கையுமாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்று யாரைக் கூப்பிடுவான்? அவர்களுக்கு என் கௌரவத்தைக் காட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது? கௌரவம் காட்டுவதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டாமா? கறுப்பைத் தடவி எடுத்துப் போட்டேன்.

க்ளேட்டன் பெட்டியின் அடித்தட்டை இழுத்து எண்ணினான். நின்றான். மறுபடி எண்ணினான்.

"முப்பத்தஞ்சு வெள்ள. ஒரு கறுப்பு."

"யாருடா அது?" என்றான் வெஸ்டன். அவன் கண் ஒவ்வொருவன் மேலும் போனது, ஆர்ட்டிஸ்மேல் ரொம்ப நேரம் நின்றது. என்மேல் வரவில்லை. நான் பெரிய மனுஷனாக நடந்துகொண்டிருப்பேன் என்று அவன் உண்மையாகவே நம்பினான். நான் பன்னிரண்டு ஆணியைப் பிடுங்கியதைப் பார்த்தவன்தான்.

"மறுபடி போடலாம்" என்றான் ஒருவன்.

"முடியாது" என்றான் க்ளேட்டன், அழுகிற குரலில். "மே மாசம் வரைக்கும் முடியாது."

நான் எழுந்து மாடிக்கு என் அறைக்குப் போனேன். இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஆர்ட்டிஸ் கதவைத் தட்டாமல் வந்தான். கையில் அவித்த வேர்க்கடலைப் பொட்டலம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றான். "நான்தான் போட்டேன்."

"எத?"

"கறுப்ப. மனசு கேக்கலடா. உன்ன எப்படி வெளிய அனுப்பறது? வெஸ்டன் மொறச்சான் பாத்தியா? மொறச்சா மொறச்சிட்டுப் போறான்."

ஒரே ஒரு கறுப்பு என்று க்ளேட்டன் இரண்டு தடவை எண்ணிச் சொன்னபோது இவன் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சரி, நான்கூடக் கொஞ்சம் நம்பியிருந்தேன் அக்கா. இரண்டு கறுப்பு விழும் என்று. அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. தான் சொன்னதை அதற்குள் தானே நம்பிவிட்டான்.

"ரொம்ப நன்றிடா" என்றேன்.

"நமக்குள்ள என்ன நன்றி." கடலையை என் பக்கம் தள்ளினான். தோலை உரித்துக் கொஞ்ச நேரம் தின்றான். "ஆமா, அந்தப் புள்ளியியல் பாடத்துக்கு நாளைக்கு எழுதித் தரணுமாமே. எனக்கு ஒண்ணும் புரியல. பாதி பாத்துத் தரியா?"

"தரேன்."

பாதி செய்து கொடுத்தேன். தப்பாகத்தான் செய்து கொடுத்தேன். வெளிச்சப் பலகையையும் மாட்டிவிட்டேன், ஆனால் அது அவர்களுக்காக இல்லை. நானும் அங்கேதானே தூங்குகிறேன். யாரும் என்னோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை. சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார்கள், பாத்திரத்தை மட்டும் எனக்கு விட்டுவிட்டு. கழுவாமல் வைத்திருக்கிறேன். ஒன்பது நாளாகக் குவிந்து கிடக்கிறது. வெஸ்டன் தினமும் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவன்போலப் போகிறான்.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விலாசத்தைப் பதிந்துவிட்டேன். அம்மாவிடம் பங்களா என்றே இருக்கட்டும்.